உள்பக்கம் காட்டிய கோட்டு

கோட்டுக்கு லைனிங் வைத்து மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டும். முன்பணம் கொடுத்த அன்று நான் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். பினாங்கின் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி ஒன்றின் 11ஆவது மாடியில் வரவேற்பறையையே ஜரிகைக் கைவேலைப் பட்டறையாக்கி வைத்திருக்கும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சரி என்றார். சொன்னபடி கூப்பிடவும் செய்தார். நான் போய்க் கோட்டைக் கையில் வாங்கியதும் புரட்டிப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியின் முதுகைக் கண்ணருகே கொண்டுபோனேன். கிட்டப்பார்வைக்காரிக்கு இந்த மாதிரி நேரங்களில் பூதக்கண்ணாடி தேவைப்படாது.

என் மகளின் திருமண வரவேற்புக்காகச் செய்த கோட்டு இது. ஜாக்கெட் என்று எழுதினால் நம்மவர்கள் இரவிக்கை என்றுதான் படிப்பார்கள். அதனால் கோட்டு என்கிறேன். கறுப்பு ரா சில்க், கழுத்துப்பட்டை கிடையாது, இடுப்போடு நிற்கும் நீளம். வேலைப்பாடே இல்லாத மிளகாய்ச் சிவப்புப் பட்டுச் சேலைக்கு மேல் இதைப் போட்டுக்கொள்வேன் என்று அவள் கோலாலம்பூரிலிருந்து அறிவித்தபோது, சீமந்தம், காதுகுத்து என்று ஒன்றுக்கும் உதவாத உடுப்பாயிற்றே என்று எனக்கு முதலில் வருத்தம்தான். பிறகு மாறிப்போனேன். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் 1983இல், 19 வயதில், பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் சேர்ந்தேன். 1972இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்ததிலிருந்து பினாங்குத் தீவில் பாதிக் குடும்பங்களின் பெண் பிள்ளைகள் ஒரு தடவையாவது அந்த வாசலை மிதித்திருப்பார்கள். எங்கள் பிரிவுக்குப் பாண்டிங் என்று பெயர். விரல் நகத்தைவிடச் சிறிய மின்னணுச் சில்லிலிருந்து (சிப்) வெளிக்கால்களுக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்டுகிற வேலை. கம்பியின் தடிமன் 25 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. தொடக்கத்தில் அதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, கையாலேயே செய்தோம். பிறகு தானியங்கி இயந்திரங்கள் வந்தன. நான் தரப் பரிசோதனைக்குப் போய், 30 ஆண்டு கழித்து ஓய்வு பெற்றேன். ஆகவே தங்கக் கம்பி வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கருத்து உண்டு. தையற்காரர்கள் என்னைக் கண்டால் அலுத்துக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

அந்தக் கருத்து மிகவும் கூர்மையானது சென்ற ஆண்டு அண்ணன் மகள் திருமணத்தில். கோலாலம்பூரில் ஒரு கடையில் ‘முழுக்கக் கைவேலை’ என்று சொல்லி 900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, முதுகில் ஒரு மயிலோடு இரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டே ஒரு பக்கம் திரும்பினேன். மயிலின் கண் யாருடைய பாயசத்திலோ விழுந்தது. வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்துப் பார்த்தால் கல் எல்லாம் சூட்டுப் பசை. தோகை முழுவதும் கணினி இயந்திரத் தையல். பின்னால் வெள்ளைக் கீழ்நூலும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த காகிதத் துணியும் அப்படியே இருந்தன. இயந்திரத் தையலில் குற்றம் ஒன்றுமில்லை, 150 வெள்ளிக்கு அது நல்ல வேலை. 900 வெள்ளிக்கு அது பொய். பாதிப் பணம் திருப்பித் தந்தார்கள், கணக்கு முடிந்தது; கடைப் பெயரை விட்டுவிடுகிறேன். ஜெலுத்தோங் பெண்ணின் பெயரையும் எழுதவில்லை. அது அவரே கேட்டுக்கொண்டது. தீபாவளிவரை புதுவேலை எடுக்க இடமில்லை, தொலைபேசிக்குப் பதில் சொல்லியே ஊசி நின்றுவிடுகிறது என்றார். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்காதீர்கள். இதுபோன்ற ஒருவரிடம் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இனி வடிவத்துக்கு வருகிறேன். மகள் அவரிடம் முதலில் காட்டியது கைப்பேசியில் சில படங்கள். 2023 மார்ச்சில் பிரான்சின் தியோர் ஆடை நிறுவனம் மும்பையில் இந்தியாவின் நுழைவாயிலுக்கு முன்னால் நடத்திய அணிவகுப்பில் வந்த உடைகள். மும்பையின் சாணக்யா பட்டறைக் கைகள் செய்த வேலை. அந்தப் பெண் பார்த்துவிட்டு, “இதைப் பார்த்து அப்படியே செய்து தரச் சொன்னால் செய்வேன். ஆனால் உங்களுடையது என்று என்ன இருக்கிறது?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் விளையாட்டாக ஒரு தாள் எடுத்து, நடுவில் ஒரு சதுரம் போட்டு, அதிலிருந்து நாலாபுறமும் விரியும் 40 கோடுகளைப் பென்சிலால் இழுத்தேன். 40 கால் சில்லின் கம்பி வரைபடம். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். “இது என்ன ஆன்ட்டி, சூரியனா?” என்றார். உங்கள் கைப்பேசிக்குள் இருப்பது என்றேன். மகள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதோடு மயில், யானை, கலசம், மாங்காய் எல்லாம் போயிற்று. இடது தோளில் தீப்பெட்டி அளவு சதுரம். அதிலிருந்து கோடுகள் சில முதுகுக்கும் சில மார்புக்கும் போக, மீதி கைவழியாக மணிக்கட்டுவரை இறங்க வேண்டும். வலப்பக்கம் ஒன்றுமே கிடையாது. எளிமையாயிற்றே, விலை குறையும் என்று நினைத்தேன். அவர் 300 வெள்ளி கூட்டிச் சொன்னார். “மயிலில் ஒரு இறகு கோணினால் காற்றடித்தது போலிருக்கும். நேர்கோடு கோணினால் கோணல்தான்.” இந்தப் பதிலுக்குத்தான் நான் முன்பணத்தை எடுத்து வைத்தேன்.

ஜரிகை தேர்ந்தெடுக்க ஒரு மாலை ஆயிற்று. மூன்று தரம் வைத்திருந்தார், எல்லாம் சென்னைப் பாரிமுனையிலிருந்து உறவினர் பெட்டியில் வந்தவை. அசல் ஜரிகை என்றால் வெள்ளியை இழையாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றி, பொன்முலாம் பூசியது. அடுத்தது செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் கொடுத்தது. மூன்றாவது பாலியஸ்டர் படலத்தை ரிப்பன்போல வெட்டிச் சுற்றியது. இன்று கடைகளில் மின்னுவதில் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் வெட்டித் தீக்குச்சியில் காட்டினார். பாலியஸ்டர் சுருண்டு கறுப்பு உருண்டையாயிற்று. செம்பு, நூல் எரிந்தபின் கம்பியாகவே நின்றது. அசலைக் கொளுத்தியபோது பட்டு கருகி, மயிர் பொசுங்குகிற வாசனை வந்தது. விலையைக் கேட்டதும் நாங்கள் இரண்டாவதற்கு இறங்கிவிட்டோம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெறும் சமயம் தங்கம் விலையேறி, ஆலைகளும் செம்புக் கம்பிக்கு மாறிக்கொண்டுதான் இருந்தன. கைப்பேசி அதனால் பேசாமல் போகவில்லை.

கோடுகளுக்கு ஜரிகை, சதுரத்தை நிரப்புவதற்கும் ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் வரும் கால்களுக்கும் தப்கா. தப்கா என்பது மெல்லிய கம்பியை இறுக்கமாகச் சுற்றிய குழல், பேனாவுக்குள் இருக்கும் சுருள்வில்லை மயிரிழை அளவுக்குச் சிறிதாக்கியது போல. எடைபோட்டு விற்கிறார்கள். தேவையான நீளத்துக்குச் சிறு கத்தரியால் நறுக்கி, பாசிமணி கோப்பதுபோல் ஊசியில் கோத்துத் தைக்க வேண்டும். ஒரு சுற்று நீளமாக நறுக்கினால் நடுவில் முதுகு தூக்கிக்கொள்ளும். ஒரு சுற்றுக் குறைந்தால் நூல் தெரியும். சதுரத்தில் மட்டும் இப்படி 300க்குமேல் துண்டுகள். நான் எண்ணினேன். ஒவ்வொரு கோடும் சதுரத்தில் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பொன்மணி வைத்தார். ஆலையில் கம்பியின் நுனியை உருக்கிப் பந்தாக்கித்தான் சில்லில் அழுத்துவோம் என்று நான் சொன்னதை மறக்காமல் வைத்தது அது.

சட்டம் கட்டிய நாளன்று போயிருந்தேன். ரா சில்க்குக்கு அடியில் இன்னொரு பருத்தித் துணி கொடுத்து இரண்டையும் மரச்சட்டத்தில் பறைபோல இழுத்துக் கட்டியிருந்தார். உலோகத்தின் பாரத்தைப் பட்டு மட்டும் தாங்காது. ட்ரேஸிங் தாளில் கோடுகளை ஊசியால் துளைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியை மேலே ஒற்றினால் துணியில் புள்ளிக் கோலம் இறங்குகிறது. முறை பழையது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மண்ணெண்ணெய் வாசனை கோட்டை விட்டுப் போக இரண்டு வாரம் ஆயிற்று. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் ஆரி வேலையே நடக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஊரில் இப்போது கழுத்தோரத்தில் எது மின்னினாலும் ஆரி என்கிறோம். ஆரி என்பது ஊசியின் பெயர்: நுனியில் கொக்கி வைத்த, மரப்பிடி போட்ட ஊசி. நூல் துணிக்கு அடியில் இருக்கும். கொக்கி இறங்கி அதை வளையமாக மேலே இழுத்துச் சங்கிலி போடும். வேகமான, அழகான வேலை. கடைசி முடிச்சைச் சரியாகப் போடாவிட்டால் ஒரே இழுப்பில் முழுச் சங்கிலியும் உருவிக்கொண்டு வந்துவிடும் என்பதுதான் அதன் ஆபத்து. பிரான்சில் லூனெவில் ஊரில் இதற்குச் சகோதர முறையான கொக்கி வேலை 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. பாரிசின் புகழ்பெற்ற லெசாஜ் தையல் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் 1990களில் சென்னைக்கு வந்து வஸ்திரகலா என்ற பட்டறையையே தொடங்கினார். ஊசி தெரிந்த கையை ஊசி தெரிந்தவன் தேடி வந்தான்.

எங்கள் கோடுகளுக்கு ஆரி சரிப்படாது என்று அவரே சொன்னார். சங்கிலிக்கு முடிச்சு முடிச்சாகத் தோற்றம் உண்டு, கம்பிபோல் இருக்காது. அதனால் ஜரிகையை இரட்டை இழையாகத் துணிமேல் படுக்க வைத்து, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் நூலால் அரிசியகலத்துக்கு ஒரு தையல் போட்டுப் பிடித்தார். அந்த நூலைத் தேன்மெழுகில் இழுத்துத்தான் கோத்தார். பொன்னிழை துணிக்குள் நுழைவதே இல்லை. நுழைந்தால் உரசி முலாம் போய்விடும், அடியில் போகும் பொன்னும் வீண். இந்தச் சிக்கனத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆலையில் என் பக்கத்து இருக்கைத் தோழி கோலகங்சாரைச் சேர்ந்தவர். அவருடைய திருமணத்தில் வைத்த வெல்வெட் தலையணைகளில் பேராக் மாநிலத்தின் தெக்காட் வேலை. அட்டையில் வெட்டிய பூவின்மேல் பொன்னிழை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். அடியிலிருந்து வேறு நூல் விளிம்பில் மட்டும் கட்டிப்பிடிக்கும். தலையணையைத் திருப்பினால் பொன் ஒரு பொட்டுகூட இருக்காது.

இப்போது நான் திருப்பிய கோட்டின் முதுகுக்கு வருகிறேன். வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளிகள், எறும்பு ஊர்ந்ததுபோல. முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவு. பசை இல்லை, காகிதம் இல்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நூலைத் தாவ விட்டிருக்கும் சோம்பேறித்தனமும் இல்லை. மிகவும் நல்ல முதுகு.

அடுத்து நான் செய்ததை அவர் ரசிக்கவில்லை. ஆலையில் ஒட்டிய கம்பி நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: கம்பியின் வளைவுக்கு அடியில் பொடிக் கொக்கியை நுழைத்து மேலே இழுத்து, எத்தனை கிராமில் அறுகிறது என்று குறிப்போம். நான் கைப்பையிலிருந்து மெல்லிய குரோஷே ஊசியை எடுத்து, பத்து இடங்களில் ஜரிகைக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். “ஆன்ட்டி, இதைப் போட்டுக்கொள்ளப் போகிறீர்களா, ஆலைக்கு அனுப்பப் போகிறீர்களா?” என்றார். ஒன்பது இடம் அசையவில்லை. பத்தாவது, மணிக்கட்டு விளிம்பில், ஒரு தப்காத் துண்டு ஆடியது. வாயை மூடிக்கொண்டு கோட்டை வாங்கி, ஐந்து நிமிடத்தில் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு தேநீர் வந்தது, சற்றுத் தாமதமாக.

இந்தக் கோட்டில் உண்மையான திறமை இருக்கும் இடம் தோள் தையல். தட்டையாகச் சட்டத்தில் செய்த துண்டுகளைப் பிறகு தையற்காரர் இணைக்க வேண்டும். உடலிலிருந்து கைக்குப் போகும் 14 கோடுகள் அந்த இணைப்பில் ஒன்றோடொன்று சந்திக்க வேண்டும். ஜெலுத்தோங் பெண் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குக் கோடுகளைத் தைக்காமல் ஜரிகை வால்களைத் தொங்கவிட்டு அனுப்பினார். கை பொருத்தி வந்தபின், சட்டம் இல்லாமல், மடியில் வைத்துக்கொண்டு வளைவின்மேல் அந்த வால்களைப் படுக்க வைத்து முடித்தார். தள்ளி நின்று பார்த்தால் தையலே தெரியவில்லை. கிட்டப் போனால் ஏழாவது கோடும் எட்டாவது கோடும் ஓரிடத்தில் உரசிக்கொள்கின்றன. எங்கள் ஆலைப் பாஷையில் அது ஷார்ட், கம்பியும் கம்பியும் தொட்டு மின்சாரம் குறுக்கே பாய்வது. அந்தச் சில்லு குப்பைக்குப் போகும். காட்டினேன். அவரும் பார்த்தார். பிரித்துத் தைக்கலாம், ஆனால் பட்டில் பழைய ஊசித் துளை மூடாது என்றார். விட்டுவிடச் சொன்னேன். வரவேற்பில் 400 பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண் அங்கேயேதான் இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம், அதுவும் நான் கூப்பிட்டுக் கேட்டபிறகுதான் தெரிந்தது. கழுத்தோரத்தில் லைனிங்கைக் கால் அங்குலம் உள்ளே தள்ளி வைத்ததால் ஜரிகை முனை உரசி மகளுக்குக் கழுத்து சிவந்தது. பட்டுநாடா வைத்து நானே மூடினேன். இடக்கையில் மட்டும் பாரம் என்பதால் கோட்டு அந்தப் பக்கம் மெல்ல இறங்குகிறது, வலத்தோளுக்குள் ஒரு சிறு பட்டை கொடுத்திருந்தால் நின்றிருக்கும். இது வடிவமைத்த எங்கள் தவறும்தான். பராமரிப்பைப் பற்றி நானாகக் கேட்டபிறகே சொன்னார்: வாசனைத் திரவியத்தை உடுப்பின்மேல் அடிக்கக் கூடாது, நாப்தலின் உருண்டை கூடாது, பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது. உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். எந்நேரமும் வியர்க்கிற இந்தக் கடலோர ஊரில் செம்பு ஜரிகை எத்தனை வருடம் கறுக்காமல் இருக்கும் என்று கேட்டேன். “நீங்கள் எத்தனை தடவை போடுகிறீர்களோ அதைப் பொறுத்தது” என்றார். நேர்மையான பதில், ஆறுதலான பதிலில்லை.

விலை: கைவேலைக்கு 1,850 வெள்ளி, தையற்கூலி தனியாக 380. நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்திருந்தார்; 61 மணி நேரம். ஜரிகை, தப்கா, மணி எல்லாம் 330 வெள்ளி என்று வைத்து வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 25 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்கு வந்து குழாய் பார்க்கிறவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே இதைவிட அதிகம் கேட்கிறார். 1953இல் எலிசபெத் அரசியார் முடிசூட்டுக்குப்பின் அணிந்த ஊதா வெல்வெட் மேலாடையில் பொன்வேலை செய்ய அரச தையல் பள்ளிப் பெண்கள் 12 பேர் 3,500 மணி நேரம் உட்கார்ந்தார்கள். அந்த அங்கியைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த எண்ணை மட்டும் விடுவதில்லை. நம் ஊரில் இரவிக்கை வாங்கும்போது அதே கேள்வியைக் கேட்பதற்குக் கூசுகிறோம். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். கைவேலை செய்தவருக்கு அது உடனே வாயில் வரும். என்னுடைய மயிலை விற்றவர்களிடம் கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள்.

அவசரக்காரர்களுக்கும், படத்தைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்பவர்களுக்கும் இதுபோன்ற பட்டறை சரிவராது. மூன்று மாதம் கையில் இருந்தால், லைனிங்குக்கு முன் ஒரு தடவை போய்ப் பார்க்கிற மனமும் இருந்தால், நான் திரும்பவும் அந்த 11ஆவது மாடிக்கே போவேன். அடுத்த முறை என் இரவிக்கைக்கு. வடிவம் இன்னும் முடிவாகவில்லை, மயில் கிடையாது.

கோட்டை வாங்கி வந்த அன்று பைக்குள் ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் இருந்தது. மீந்துபோன தப்கா, வெட்டியெறியும் துணுக்குகள் உட்பட. நான் கேட்கவில்லை. ஆலையில் வேலை முடிந்ததும் அறுந்த கம்பித் துணுக்குகளைக்கூடச் சேர்த்து எடைபோட்டு ஒப்படைப்போம். பொட்டலத்தின்மேல் பென்சிலால் 14 கிராம் என்று எழுதியிருந்தார். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 14.